கடல் பிடித்து வைத்த இடங்கள்

உலகப் படத்தில் ஒரு மிளகை வைத்தால் மறைந்துபோகிற அளவே உள்ள அந்த நாட்டில், கடல் முதன்முதலாக இடம் பிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், உணவங்காடி நிலையத்தின் பதினேழாம் எண் மேசையில், தமயந்தியின் தோசைக் கடைக்கு நேர் எதிரே. அவள் ஆறரை மணிக்குக் கடையைத் திறந்தபோது மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தது. வெள்ளை பாக்கெட், மேலே எழுத்து எதுவும் கிடையாது, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, ஓரத்தில் ஒரு பாசி நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ நீச்சல் குளத்திலிருந்து நேராக எழுந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தமயந்தி மாவைக் கலக்கப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் அந்த நாட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மூரில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள், பிறகு அதற்காகச் சண்டையும் பிடிப்பார்கள். அங்கே துண்டுக்குப் பதில் டிஷ்யூ பாக்கெட், சண்டை கிடையாது. மேசையில் ஒரு பாக்கெட் இருந்தால் அது யாரோ ஒருவருடைய இடம். அந்த யாரோ கோப்பி வாங்க வரிசையில் நிற்கலாம், அடுத்த தெருவில் மருந்து வாங்கிக்கொண்டிருக்கலாம், எப்போது வந்தாலும் இடம் அவருக்குத்தான். சூடான சூப்புக் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, விரல் பொசுங்க, வியர்வை வழிய, கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்களே தவிர அடுத்தவர் வைத்த பாக்கெட்டை ஒரு விரற்கடைகூட நகர்த்த மாட்டார்கள். எதற்கெடுத்தாலும் சட்டம் உள்ள அந்த நாட்டில் சட்டமே இல்லாமல் எல்லோரும் கட்டுப்பட்ட விஷயம் அது ஒன்றுதான்.

ஆகவே அன்று மத்தியானக் கூட்டத்தில் பதினேழாம் மேசையில் யாரும் உட்காரவில்லை. மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, அலை முழுதாக ஏறிய நேரத்தில், இடத்துக்கு உரியவர் வந்தார். வந்ததை யாரும் பார்க்கவில்லை. இருக்கையிலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியது, கீழே குட்டை கட்டியது, மேசைமேல் ஒரு சாண் உயரத்துக்குப் பாத்திரம் எதுவும் இல்லாமலே தண்ணீர் நின்றது, அதற்குள் ஒரு நெத்திலிக் குஞ்சு சுற்றிச் சுற்றி வந்தது. முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு, அலை இறங்குகிற நேரத்தில் கடல் எழுந்து போய்விட்டது. தமயந்தி துணியை எடுத்துக்கொண்டு போய் மேசையைத் துடைத்தாள். அவளுக்கு எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான்.

“இவ்ளோ நேரம் உக்காந்துட்டு ஒரு டீகூட வாங்கல பாரு” என்றான் அவள் கணவன் ஞானசேகர்.

மறுநாள் இரண்டு மேசை, அதற்கு மறுநாள் ஒரு வரிசை. நல்ல மனிதர்கள் எதற்கும் சீக்கிரம் பழகிவிடுவார்கள், அந்த நாட்டு மனிதர்கள் இன்னும் சீக்கிரம். சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்கச் சொல்லும் அறிவிப்புக்குப் பக்கத்தில் கடல் ஏறும் நேரம் நான்கு மொழிகளில் ஒட்டப்பட்டது. துப்புரவுக்காரர்களுக்கு முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கும் ரோகாயா அக்கா மரியாதைக்கு ஒரு தட்டு சோற்றை வைத்துப் பார்த்தாள். சோறு போய்விட்டது, தட்டு மட்டும் கழுவி வைத்தது போல் இருந்தது, அதிலிருந்து அவளுக்குக் கடல்மேல் ஒரு பிரியம்கூட வந்துவிட்டது. தொலைக்காட்சியில் ஒரு நிபுணர் தோன்றி, உலகம் விடுகிற புகையில் நம் பங்கு சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது, நாம் சின்ன நாடு, இது நாம் அழைத்து வந்த விருந்தாளி இல்லை, ஆனாலும் வந்தவரை முறையாக நடத்துவோம் என்றார். அதைக் கேட்டு எல்லோருக்கும் மனசு லேசானது. அந்த வாரம் வெயில் வேறு கடுமையாக இருந்ததால், ஏர்கானை இன்னும் ஒரு புள்ளி குளிர வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

பிறகு பேருந்து நிறுத்தத்து இருக்கைகளில் பாக்கெட் வந்தது. மருந்தகத்தில் வந்தது. 147ஆம் புளோக் என்கிற அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தினமும் சதுரங்கம் ஆடும் தியோ அங்கிள் முப்பது வருடமாக உட்கார்ந்த கல் பெஞ்சில் வந்தது. தமயந்தி குடியிருந்ததும் அந்தப் புளோக்கில்தான், ஒன்பதாம் மாடியில். தியோ அங்கிள் யாருக்கும் கெட்டவர் இல்லை. தன் இடத்தில் வேறொருவர் பாக்கெட் வைத்ததை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவர் அதை இரண்டு விரலால் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார், உட்கார்ந்தார், காய்களை அடுக்கினார்.

கடைக்கு வெங்காயம் எடுத்துப் போகக் கீழே இறங்கிய தமயந்தி அதைப் பார்த்தாள். மூன்றே முக்காலுக்கு அவர் குதிரையை நகர்த்தக் கையைத் தூக்கினார், கை மெதுவாக எழுந்தது, தண்ணீருக்குள் தூக்குகிற கை எழுவதைப் போல. அவருடைய நரை முடி மேலே மிதந்து அசைந்தது. சட்டை உப்பியது. அவர் தமயந்தியைப் பார்த்து ஏதோ சொன்னார், வாயிலிருந்து குமிழிதான் வந்தது. அவரைச் சுற்றி ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, தரை உலர்ந்து கிடந்தது, பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் கைப்பேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அலை இறங்கியபோது பெஞ்சின் கீழே இரண்டு செருப்பும் பெஞ்சின்மேல் ஒரு மரக் குதிரையும் இருந்தன. தமயந்தி வெங்காய மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு மாடிப்படியில் ஒன்பது மாடியும் ஏறி, தூங்கிக்கொண்டிருந்த மகள் மிருதுளாவின் மூக்குக்கு நேரே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். மகளுக்கு ஐந்து வயது.

அன்றிலிருந்து ஊரே பயந்தது, ஆனால் முறையாகப் பயந்தது. அறிவிப்பில் இன்னொரு வரி சேர்ந்தது: பிடித்து வைக்கப்பட்ட இடங்களில் உட்கார வேண்டாம். தியோ அங்கிளின் செருப்பை அவருடைய தங்கை வந்து வாங்கிக்கொண்டு போனாள். சிரித்துக்கொண்டு போய்வந்த மனிதர்கள் உட்காருவதற்கு முன் இருக்கையைக் கையால் தடவிப் பார்க்கத் தொடங்கினார்கள், பேருந்தில், கோயிலில், கழிப்பறையில், தங்கள் வீட்டு நாற்காலியில்.

அப்போதுதான் வசிப்போர் குழுத் தலைவர் மோகனரங்கத்துக்கு அந்த யோசனை வந்தது. ஓய்வுபெற்ற துறைமுக அதிகாரி, எதையும் வரிசையாகச் சொல்பவர், எல்லோருக்கும் அண்ணன். “கடல் நம்ம பழக்கத்த மதிக்குது. நம்மள மாதிரியே பாக்கெட் வெக்குது, வரிசையில வருது, நேரத்துக்கு எழுந்து போகுது. அப்போ அது வெக்கிறதுக்கு முந்தி நாம வெச்சிட்டா? நாம பிடிச்ச எடத்த அது தொடுமா?” என்றார்.

இதைவிடச் சரியான யோசனையை அந்த நாட்டில் யாரும் கேட்டதில்லை. ஒரே நாளில் கடைகளில் டிஷ்யூ தீர்ந்தது, கப்பலில் வந்து இறங்கியது, மறுபடி தீர்ந்தது. மேசையில் வைத்தார்கள், பெஞ்சில் வைத்தார்கள், ஊஞ்சலில், தொட்டிலில், சக்கர நாற்காலியில், பள்ளிவாசல் கம்பளத்தில், கோயில் படியில், கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை பெண் உட்காரும் இடத்தில், மரக்கிளையில், பறவைகளுக்காக இருக்கட்டும் என்று. யார் இடம் யாருடையது என்று குழப்பம் வரக் கூடாதென்று சிலர் பேரும் எழுதினார்கள். தமயந்தி ஒரு கறுப்பு மார்க்கரை வாங்கி ஐந்து பாக்கெட்டில் மிருதுளா, மிருதுளா என்று கொட்டை எழுத்தில் எழுதி, பாலர் பள்ளியில் மகளுடைய மஞ்சள் நாற்காலியில் ஒன்று, சாப்பாட்டு நாற்காலியில் ஒன்று, கட்டிலில், ஊஞ்சலில், பள்ளி வேனில் ஒவ்வொன்று என்று தன் கையாலேயே வைத்துவிட்டு வந்தாள். அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள்.

இரண்டு நாள் புதிய ஈரம் எங்கும் இல்லை. ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காலையில் நாடு விழித்தபோது எல்லா பாக்கெட்டும் நனைந்திருந்தன. எல்லாம். ஒன்றுவிடாமல். கடல் புதிதாக ஒரு பாக்கெட்டைக்கூடக் கொண்டுவரவில்லை, வைத்திருந்ததையே நனைத்திருந்தது. இடம் பிடித்து வைத்தால் யாரோ வரப்போகிறார்கள் என்று அர்த்தம், ஒரு நாடு முழுவதும் இடம் பிடித்து வைத்தால் நாட்டுக்கே வரப்போகிறவர் யார் என்று யாரும் யோசிக்கவில்லை.

“அம்மா, என் சேர் ஈரமா இருக்கு” என்றாள் மிருதுளா, பல் தேய்த்துவிட்டு வந்து.

தமயந்தி அவளை நாற்காலியிலிருந்து தூக்கி சோபாவில் விட்டாள். சோபாவில் பாக்கெட் இருந்தது, பேர் எழுதினது, எழுத்து துளிகூடக் கலையவில்லை. தரையில் விட்டாள், தரையில் இருந்தது. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இடுப்பு சில்லென்றது, கையை விட்டுப் பார்த்தால் புடவைச் செருகலுக்குள் இருந்தது. பேர் எழுதாத பாக்கெட்டெல்லாம் வைத்த இடத்தில் கிடந்தன, எழுந்து தள்ளி நின்றால் தப்பிக்கலாம். பேர் எழுதின பாக்கெட்டுகள் மட்டும் பேருக்கு உரியவரைத் தேடிப் போயின. பாலர் பள்ளியில் அந்த வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள், இருபத்திரண்டு அம்மாக்களும் பொறுப்பாகப் பேர் எழுதியிருந்தார்கள். நானே என் பிள்ளையைக் கடலுக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்று தமயந்தி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், பிறகு தண்ணீர்ச் சத்தமே பயமாக இருந்ததால் குழாயை மூடினாள்.

ஞானசேகர் தஞ்சாவூர்ப் பக்கம் மலையோ கடலோ இல்லாத ஊரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பிவிடலாம் என்று டிக்கெட் போட உட்கார்ந்தான். கணினித் திரையில் விமான இருக்கையைத் தேர்ந்தெடுத்தான். திரையில் இருந்த அந்தக் குட்டிக் கட்டத்திலிருந்து தண்ணீர் வடிந்து விசைப்பலகைக்குள் இறங்கியது. வேறு இருக்கையைத் தேர்ந்தெடுத்தான், அதிலும் வடிந்தது. அவன் கணினியை மூடித் துண்டால் துடைத்துக் கவிழ்த்து வைத்தான்.

அந்த நாட்டில் கடலும் வரிசையை மீறவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல், அதுவே பயமும்கூட. உணவங்காடி, பேருந்து நிறுத்தம், மருந்தகம், கீழ்த்தளம் என்று ஒவ்வொரு வரிசையாக எடுத்துக்கொண்டு வந்தது. வகுப்பு ஆசிரியை நிர்மலா மிஸ், கடல் ஏறும் நேர அட்டவணையை வைத்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று இருபதுக்குப் பாலர் பள்ளியின் முறை. ஆறு நாள் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் தமயந்தி கடை திறந்தபோது பதினேழாம் மேசை காய்ந்திருந்தது. பாக்கெட் மொறமொறவென்று உலர்ந்து கிடந்தது. மேசைமேல் உப்புப் படிந்து, யாரோ விரலால் எழுதியது போல வட்டமும் கொக்கியுமாக என்னவோ எழுத்து தெரிந்தது. எந்தப் பயலோ கிறுக்கியிருக்கிறான் என்று நினைத்தாள். அந்த நாட்டு ஜனங்கள் புகார் கொடுக்காமல் இருக்க மாட்டார்கள், புகார் கொடுக்கப் படம் வேண்டும். ஆகவே அவள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, பிறகு துடைத்துவிட்டாள். அன்று பூராவும் அந்த மேசையில் யார் யாரோ உட்கார்ந்து சாப்பிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

புதன்கிழமை 147ஆம் புளோக்கில் மின்கம்பி மாற்றும் வேலை. காலை பத்திலிருந்து ஐந்துவரை மின்சாரம் கிடையாது. நூற்று அறுபது வீட்டிலும் ஏர்கான் நின்றது, மின்தூக்கி நின்றது, ஜனங்கள் கீழ்த்தளத்தில் வந்து உட்கார முடியாமல் நின்றுகொண்டே விசிறிக்கொண்டிருந்தார்கள். அன்று அங்கே எதுவும் காயவில்லை. ஆனால் சாயங்காலம் எல்லோருடைய கைப்பேசியிலும் ஒரு காணொளி வந்தது. எங்கோ நடுக்கடலில், பேர்கூட வாயில் நுழையாத ஒரு தீவு. அதுவும் மிளகளவு நாடுதான். அங்கே கடல் டிஷ்யூ பாக்கெட் வைக்கவில்லை, அவர்கள் வழக்கப்படி ஈர ஓலையில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. ஒரு பையனுடைய பாயில் இருந்த ஓலை அன்று உலர்ந்துவிட்டதாம். பையன் பாயில் உட்கார்ந்து சிரிக்கிறான், அவன் அம்மா சிரித்துக்கொண்டே அழுகிறாள், பாயின் நடுவில் உப்பால் எழுதியிருந்தது: 147.

தமயந்தி அந்தக் காணொளியை நான்கு தடவை பார்த்தாள். பிறகு தன் கைப்பேசியில் திங்கட்கிழமை எடுத்த படத்தைத் தேடி எடுத்தாள். தினமும் மசால் தோசை சாப்பிட வரும் பல்கலைக்கழக மாணவி ஒருத்தியிடம் காட்டி இது எந்த ஊர் எழுத்து என்று கேட்டாள். மாணவி யார் யாருக்கோ அனுப்பி, அரைமணி நேரத்தில் பதில் சொன்னாள். உலகத்தின் அந்தக் கோடியில் ஒரு மலைநாடு, அதில் ஒரு சின்ன ஊரின் பேர். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்க்காரர்கள் தங்கள் செங்கல் சூளைகளை ஒரு நாள் முழுக்க அணைத்துப் போட்டிருக்கிறார்கள்.

தமயந்தி தோசைக் கல்லை அணைத்தாள். கடையைப் பாதியில் மூடிவிட்டு, வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழ்த்தளத்தில் கூட்டம் என்று ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தானே போய்த் தட்டினாள்.

கூட்டத்தில் யாரும் உட்காரவில்லை, உட்காரப் பயம். அவரவர் மொழியிலும், எல்லோருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்திலும் பேசினார்கள். தமயந்தி இரண்டு படங்களையும் காட்டினாள்.

“நாம அணைச்சா நமக்குக் காயாது. வேற யாருக்கோ காயும். நமக்குக் காயணும்னா வேற யாரோ அணைக்கணும்” என்றாள். “இதான் நடக்குது. நான் பாத்துட்டேன்.”

மோகனரங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாம நூத்தி அறுவது வீடு ஒரு பகல் பூரா வேகணும். அதுக்கு ஒரு பாய் காயும். அதுவும் நம்ம பிள்ளையோட பாய் இல்ல. சரியா, தமயந்தி?”

“சரிதாண்ணே.”

“பெரிய நாடுங்க இருக்கு. அவங்க ஒரு ஆலைய மூடினா ஆயிரம் நாற்காலி காயும். அவங்க மொதல்ல செய்யட்டும்னு கேக்கறது தப்பா? நாம சின்ன நாடும்மா. நம்மால என்ன ஆகும்?”

“அந்த மலையூர்ல நம்ம புளோக் அளவுக்குக்கூட ஆளு இருக்காது. அவங்களும் இதையேதான சொல்லியிருக்கணும்? சொல்லாம அணைச்சிட்டாங்க. யாருக்குன்னுகூடத் தெரியாம அணைச்சிட்டாங்க. அந்த மேசையில திங்கக்கெழம நீங்களும் உக்காந்து இட்லி சாப்ட்டீங்கண்ணே.”

மோகனரங்கம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஞானசேகர் மனைவியின் பக்கத்தில் வந்து மெல்லிய குரலில், “நாளைக்கு மூணு இருவதுக்கு நம்ம பிள்ளையோட முறை. நீ யாரோ பிள்ளைக்காகப் பேசிக்கிட்டிருக்க” என்றான்.  அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தனக்கும் அந்தப் பயம்தான், ஒரு நிமிடம்கூட விடவில்லை என்றாள். “ஆனா வேற வழி எனக்குத் தெரியல. எங்கேயோ ஒருத்தி இப்ப இதே மாதிரி கூட்டத்துல நின்னுக்கிட்டு இருப்பா. அவ என்ன முடிவு எடுக்கறாளோ அதுலதான் நம்ம பிள்ள இருக்கு. அவ அணைக்கணும்னு நான் வேண்டிக்கிறேன். நான் அணைக்காம எப்படி வேண்டிக்கறது?”

 மோகனரங்கத்தின் மனைவி நான்காம் மாடியில் மூச்சு இயந்திரத்தோடு படுத்திருப்பதும், புதன்கிழமை அது பேட்டரியில் ஓடியதும் எல்லோருக்கும் தெரியும். அவர் பயமும் எல்லோருக்கும் தெரியும். ரோகாயா அக்கா, உயிருக்கு வேண்டியது ஓடட்டும், அதைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை, மற்றதெல்லாம் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு, சுவரோரம் நடந்துபோய்க் கீழ்த்தளத்து மின்விசிறிகளின் விசையை அணைத்தாள். எட்டு விசிறியும் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. மேலே வீடுகளுக்குப் போனவர்களில் சிலர் அணைத்தார்கள், சிலர் பக்கத்து வீட்டுச் சத்தம் நிற்கிறதா என்று காது கொடுத்துவிட்டு அணைத்தார்கள். சாயங்காலத்துக்குள் 148ஆம் புளோக்கும் 149ஆம் புளோக்கும் விஷயத்தைக் கேட்டு அணைத்தன.

வெள்ளிக்கிழமை வந்தது. காற்றே இல்லாத நாள். பாலர் பள்ளி வகுப்பறையில் இருபத்திரண்டு மஞ்சள் நாற்காலிகள் வரிசையாக இருந்தன, தமயந்திக்கு மூன்றாம் வரிசை. அம்மாக்களும் அப்பாக்களும் அந்தக் குட்டி நாற்காலிகளில் முழங்காலை நெஞ்சுவரை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிள்ளை. வேறு எங்கே வைத்திருந்தாலும் பாக்கெட் தேடி வரத்தான் போகிறது, தனியாக இருப்பதைவிட இது மேல் என்று எல்லோரும் ஒரே மாதிரி நினைத்திருந்தார்கள். யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. நிர்மலா மிஸ் பிள்ளைகளுக்கு ஒன்று இரண்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், நூறு தாண்டியும் நிறுத்தாமல் சொல்லிக்கொடுத்தாள், அவள் முதுகு முழுக்க வேர்த்து ஊறியிருந்தது.

கைப்பேசிகளுக்குப் படங்கள் வந்தவண்ணம் இருந்தன. எங்கோ ஒரு தொட்டில் காய்ந்திருந்தது, 148 என்று எழுதியிருந்தது. எங்கோ ஒரு படகின் குறுக்குப் பலகை, 147. ஒரு கிழவருடைய கயிற்றுக் கட்டில், 149. தெரியாத முகங்கள், தெரியாத மொழியில் என்னவோ சொல்லிக் கும்பிட்டன, நெஞ்சில் கை வைத்தன, தலை குனிந்தன. தமயந்தி ஒவ்வொரு படத்தையும் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது, அந்தப் பிள்ளைகளைப் பிடித்து உலுக்கலாம் போலவும் இருந்தது. பிறகு மகளுக்கும் தன் மடிக்கும் நடுவில் இருந்த பாக்கெட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். ஈரம். நாலு மூலையும் ஈரம்.

மூன்று மணிக்கு முன்வரிசையில் ஒரு பெண் திடீரென்று அழத் தொடங்கினாள். அவள் பிள்ளையின் பாக்கெட் காய்ந்துவிட்டது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள், வாசல்வரை போனாள், திரும்பிப் பார்த்தாள், எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகாமல் சுவரில் சாய்ந்து அங்கேயே நின்றுகொண்டாள். பிறகு இன்னொன்று காய்ந்தது, கடைசி வரிசையில். அதன்பிறகு ஒன்றும் இல்லை.

மூன்று பத்துக்கு மோகனரங்கம் வந்தார். மாடிப்படி இறங்கி வெயிலில் நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. அவருக்கு அந்த வகுப்பில் பிள்ளையும் இல்லை, பேரனும் இல்லை. யாரையும் பார்க்காமல் தமயந்தியின் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “மேல எல்லா வீட்டையும் போய்ப் பாத்துட்டேன். அவ மெஷின் ஒண்ணுதான் ஓடுது” என்றார்.

“அக்கா எப்படியிருக்காங்கண்ணே?”

“விசிறிட்டு வந்தேன். நீங்க போயி அவங்க கூட இருங்கன்னா.”

மூன்று இருபதுக்குக் கடல் வந்தது. அந்த நாட்டில் எந்த வீட்டுக்குள் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். கடல் வாசலில் நின்று எதையோ கழற்றுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது, ஒரு கால், பிறகு மறுகால். பிறகு கதவடியில் தண்ணீர் மெல்லிய நாக்காக நீண்டது. நிர்மலா மிஸ் முந்நூற்று நாற்பது, முந்நூற்று நாற்பத்தொன்று என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மிருதுளாவின் தலைமுடியில் ஒரு பிரி மெதுவாக மேலே எழுந்து மிதந்தது. தமயந்தி அதைப் பிடித்து அவள் காதுக்குப் பின்னால் செருகினாள், அது மறுபடி எழுந்தது.

“போட்டுடலாமா? எல்லாத்தையும் திரும்பப் போட்டுடலாமா? என்னதான் ஆகுதுன்னு பாத்துடலாமே” என்றான் ஞானசேகர். அவன் பித்துப் பிடித்தவனைப் போல எழுந்து வகுப்பறை விசைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டான். அவன் விரல் விசைமேல் இருந்தது. யாரும் அவனைத் தடுக்கவில்லை, தடுக்க எழுந்தால் பிள்ளையை மடியிலிருந்து இறக்க வேண்டும்.

“கொஞ்சம் இருங்க” என்றாள் தமயந்தி.

அவள் மறுபடி பாக்கெட்டை அழுத்தினாள். ஒரு மூலை ஈரம். இரண்டாவது மூலை ஈரம். மூன்றாவதும். நான்காவது மூலையில் அவள் கட்டைவிரலுக்குக் கீழே காகிதம் சரசரத்தது. அவள் நம்பாமல் விரலை எடுத்து, உதட்டில் வைத்துப் பார்த்து, மறுபடி வைத்தாள். காய்ந்துதான் இருந்தது, ஒரு நகத்தின் அளவுக்கு. எங்கேயோ, எந்த ஊரோ, எந்தப் பாஷையோ, யாரோ ஒருத்தி சற்று முன் எதையோ அணைத்திருக்கிறாள். ஒரு மூலை போதாது என்று தமயந்திக்குத் தெரியும்.

“போடாதீங்க” என்றாள் அவள் கணவனிடம், பிறகு வகுப்பில் இருந்த எல்லோரிடமும். “அவங்க அணைக்கறாங்க. யாரும் எதையும் போட்டுடாதீங்க.”

ஞானசேகர் விசையிலிருந்து கையை எடுத்து இரண்டு கைகளையும் அக்குளில் வைத்துக்கொண்டான். தண்ணீர் முதல் வரிசை நாற்காலிகளின் கால்களைச் சுற்றிக்கொண்டு இரண்டாம் வரிசைக்கு வந்தது. மகள், “அம்மா, கால் சில்லுன்னு இருக்கு” என்றாள். தமயந்தி அவள் கால்களைத் தூக்கித் தன் இடுப்பைச் சுற்றிப் போட்டு இறுக்கிக்கொண்டாள். காய்ந்த மூலையிலிருந்து அவள் விரலை எடுக்கவில்லை.